‘போடர்ல நிக்குது’ எண்ட சீனி திரும்பிப் போகுமோ?

வெள்ளவத்தையில இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறா. கடிதம் கொஞ்சம் நீளம், சுருக்கித் தாறன்:

“டொக்டர், எனக்கு 39 வயசு. பம்பலப்பிட்டிப் பக்கம் ஒரு பேங்க்ல வேலை, வீடு நாலாம் மாடி ஃப்ளட். போன மாசம் ஒஃபிஸ்ல மெடிக்கல் செக்கப் செய்தவை. ஃபாஸ்டிங் சுகர் 108, ஏவன்சி 6.0, ஹீமோகுளோபின் 10.4. உயரம் 157 சென்ரிமீற்றர், நிறை 66 கிலோ, இடுப்பு 36 இஞ்சி. மாசாமாசம் பீரியட்ஸ் கூடத்தான் போகும். அம்மாவுக்கு சீனி, இன்சுலின் போடுறா. சின்னவன் வயித்தில இருக்கேக்க எனக்கும் சீனி வந்தது, சாப்பாட்டுக் கட்டுப்பாட்டோட சமாளிச்சது, அவனுக்கு இப்ப 6 வயசு, பிறந்த பிறகு ஆரும் செக் பண்ணச் சொல்லேல்ல, நானும் மறந்திட்டன். இப்ப ஒரு டொக்டர் ‘ஒண்டுமில்ல, போடர்தான்’ எண்டார், இன்னொருத்தர் ‘ப்ரீடயபிட்டீஸ்’ எண்டார். பயத்தில ரெண்டு கிழமையா சோத்தை நிப்பாட்டிட்டன். கிரீம் கிராக்கரும் பயறும்தான், காலமை வெறும் வயித்தில பாவக்காய் ஜூஸ். தலை சுத்துது, இவர் சிரிக்கிறார். குரக்கன் எண்டா எவ்வளவும் சாப்பிடலாமாம், கோவக்கா இலையும் கோத்தல ஹிம்புட்டு எண்ட மூலிகை மரத்தில செய்த கோப்பையும் போதுமாம், மாமி சொல்லுறா. அம்மாட சீனிக் குளிசை மெட்ஃபோர்மின்ல பாதி போட்டுப் பாக்கட்டோ? உண்மையில இது திரும்புமோ?”

தங்கச்சி, முதல்ல அந்த ஜூஸை நிப்பாட்டிட்டு நாளைக்கு மத்தியானம் கொஞ்சம் சோறு சாப்பிடுங்க. ஹீமோகுளோபின் 10.4ல நிக்கிற ஆள் சோத்தையும் விட்டுப்போட்டு வெறும் வயித்தில கைப்பு ஜூஸ் குடிச்சா தலை சுத்தாம என்ன செய்யும். திரும்புமோ எண்டு கேட்டிருந்தீங்க, திரும்பும், நிறையப் பேருக்குத் திரும்பியிருக்கு. ஆனா இப்ப நீங்க போற ரூட்டால திரும்பாது, ஏனெண்டா இந்த மாதிரிப் பட்டினி ஒரு மாசத்துக்கு மேல ஒருத்தராலயும் பிடிக்க ஏலாது, அதுக்குப் பிறகு ஒரு கலியாண வீட்டுப் புரியாணியோட எல்லாம் பழையபடிதான்.

ரெண்டு டொக்டரும் ரெண்டு மாதிரிச் சொன்னதில உங்களுக்குக் கோவம் வந்திருக்கும், ஆனா ரெண்டு பேரும் பிழை சொல்லேல்ல. ஃபாஸ்டிங் சுகருக்கு அமெரிக்கன் டயபிட்டீஸ் அசோசியேஷன் வச்ச கோடு 100, அதாவது 100ல இருந்து 125 வரைக்கும் ப்ரீடயபிட்டீஸ், டயபிட்டீஸுக்கு முந்தின படி. உலக சுகாதார நிறுவனத்தின்ட கோடு 110ல இருந்து துவங்குது. 126 வந்தா ரெண்டு பேருக்குமே அது டயபிட்டீஸ்தான். உங்கட 108 நடுவில விழுந்திட்டுது, ஒரு புத்தகத்தில நோர்மல், மற்றப் புத்தகத்தில இல்ல. ஏவன்சியும் அப்பிடித்தான், 5.7ல இருந்து 6.4 வரைக்கும் எண்டு ஒரு கணக்கு, 6.0ல இருந்துதான் எண்டு இன்னொரு கணக்கு, 6.5 வந்தா டயபிட்டீஸ். கோடு மனுசர் போட்டது, உடம்புக்கு 109க்கும் 110க்கும் வித்தியாசம் தெரியாது.

இதில இன்னொரு சிக்கல் இருக்கு, அதை உங்களுக்கு ஆரும் சொல்லேல்ல போல. ஏவன்சி எண்டது கடந்த ரெண்டு மூண்டு மாசமா ரத்தத்தில சீனி எப்பிடி இருந்தது எண்டதை சிவப்பணுவில ஒட்டியிருக்கிற சீனியை வச்சுச் சொல்லுற டெஸ்ட். இரும்புச்சத்துக் குறைஞ்ச ஆக்களுக்கு அது உண்மையை விடக் கொஞ்சம் கூடக் காட்டும். பீரியட்ஸ் கூடப் போற, ஹீமோகுளோபின் 10.4 இருக்கிற ஒரு ஆளின்ட 6.0ஐ நான் அப்பிடியே நம்ப மாட்டன், அதுக்காகத் தூக்கி எறியவும் மாட்டன். அதால ரெண்டு வேலை செய்யுங்க. ஒண்டு, ஃபெரிட்டின் (உடம்பில இருக்கிற இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டுற ரத்த டெஸ்ட்) பாத்து இரும்புச்சத்துத்தான் குறைவெண்டா அதுக்கு மருந்து எடுங்க, பீரியட்ஸ் ஏன் இவ்வளவு போகுதெண்டு ஒரு பெண்நோயியல் டொக்டரிட்டக் காட்டுங்க (குளிசை எடுத்தும் ஹீமோகுளோபின் ஏறாட்டி தலசீமியா ட்ரெய்ட் எண்ட பரம்பரை ரத்தக் குறைபாடு இருக்கோ எண்டும் பாக்க வேணும், அது இருந்தாலும் ஏவன்சி சரியாக் காட்டாது). மற்றது, 75 கிராம் குளுக்கோஸ் கரைச்சுக் குடிச்சு ரெண்டு மணித்தியாலம் கழிச்சு ரத்தம் குடுக்கிற டெஸ்ட், ஓஜிடிடி எண்டு கேட்டா லேப்ல தெரியும், கர்ப்பமா இருக்கேக்க கட்டாயம் செய்திருப்பீங்க. ரெண்டு மணித்தியாலத்தில 140க்குக் கீழ வந்தா நல்லம், 140ல இருந்து 199 எண்டா ப்ரீடயபிட்டீஸ், 200 வந்தா டயபிட்டீஸ். ஒண்டை மட்டும் மறக்காதீங்க, இந்த டெஸ்டுக்கு முன்னம் மூண்டு நாளாவது வழமையாச் சோறு பாண் சாப்பிட்டிருக்க வேணும். இப்ப இருக்கிற மாதிரிச் சோத்தை விட்டுட்டு நேரா லேபுக்குப் போனா திடீரெண்டு வாற 75 கிராமை உடம்பு சமாளிக்க ஏலாம ரிசல்ட் பொய்யாக் கூடிக் காட்டும், நீங்க இன்னும் பயந்து போவீங்க.

இனி உங்கட கடிதத்திலயே முக்கியமான வரிக்கு வாறன், நீங்க ஏதோ பழைய கதை மாதிரி நடுவில போட்டுவிட்டிருக்கிறீங்க. சின்னவன் வயித்தில இருக்கேக்க வந்த சீனி. அப்பிடி வந்த ஒரு பொம்பிளைக்குப் பிறகு டைப் 2 டயபிட்டீஸ் வாற ஆபத்து, வராத பொம்பிளையை விட ஏழு மடங்கு, அதுக்கு மேலயும் எண்டு பல நாட்டு ஆய்வுகளைச் சேத்துப் பாத்தவை சொல்லியிருக்கினம். அதால பிள்ளை பிறந்து ஆறு கிழமையில இருந்து 12 கிழமைக்குள்ள ஒருக்கா குளுக்கோஸ் குடிச்சுப் பாக்க வேணும், அது நல்லாயிருந்தாலும் ஒரு வருசத்துக்கோ மூண்டு வருசத்துக்கோ ஒருக்கா வாழ்நாள் முழுக்கப் பாக்க வேணும். எங்கட ஊர்ல என்ன நடக்குதெண்டா, பிள்ளை பிறந்த அடுத்த நாள் சுகர் நோர்மல் எண்டவுடன எல்லாருக்கும் நிம்மதி, பிறகு தடுப்பூசிக்குப் பிள்ளையை மட்டும் தூக்கிக்கொண்டு போவினம், தாயின்ட சுகரைப் பற்றி ஒருத்தரும் கதைக்கிறதில்ல. இதை வாசிக்கிற மற்றப் பொம்பிளைகளுக்கும் அப்பிடி ஒரு கதை இருந்தா அந்தப் பழைய கிளினிக் கார்டைத் தேடி எடுங்க.

உள்ளுக்குள்ள என்ன நடக்குது? சாப்பிட்ட மாச்சத்து சீனியா மாறி ரத்தத்துக்கு வரும், அதைத் தசைக்குள்ள அனுப்ப இன்சுலின் வேணும். வயித்தைச் சுத்தியும் ஈரலுக்குள்ளயும் கொழுப்புச் சேரச் சேர அந்த இன்சுலின் எடுபடாமப் போகும், அப்ப கணையம் ஓவர்டைம் செய்து இன்னும் இன்சுலின் விடும். கொஞ்சக் காலத்துக்கு ரிப்போர்ட்டில ஒண்டும் தெரியாது. பிறகு கணையம் களைக்கேக்கதான் 100, 108, 115 எண்டு ஏறத் துவங்கும். ராத்திரி சாப்பிடாமப் படுத்தும் காலமை சுகர் கூட இருக்கெண்டு நிறையப் பேர் குழம்புறவை, அது ராத்திரி ஈரல் தானாச் செய்து விடுற சீனி, நிப்பாட்டச் சொல்லுற இன்சுலின்ட சத்தம் அதுக்குக் கேக்கிறதில்ல. எங்கட தெற்காசிய உடம்புக்குத் தசை குறைவு, வயித்துக் கொழுப்புக் கூட, அதால வெள்ளைக்காரனுக்குப் பி.எம்.ஐ (உயரத்துக்கு நிறை எவ்வளவு எண்ட கணக்கு) 25 எண்டா எங்களுக்கு 23லயே கவனம் வேணும். உங்கட கணக்கு 27க்குக் கிட்ட வருது. இடுப்பு எங்கட பொம்பிளைகளுக்கு 80 சென்ரிமீற்றர், ஆம்பிளைகளுக்கு 90 எண்டுதான் எல்லை, உங்கட 36 இஞ்சி 91 சென்ரிமீற்றர். ஆள் பாக்க அப்பிடி ஒண்டும் குண்டா இருக்க மாட்டீங்க எண்டு நினைக்கிறன், எங்கட ஆக்களுக்கு அதுதான் ஏமாத்திற விசயம்.

சாப்பாடு. நீங்க நிப்பாட்டினது சோறு, நிப்பாட்டாம விட்டது தேத்தண்ணி. கடிதத்தில தேத்தண்ணியைப் பற்றி ஒரு வார்த்தை இல்ல, பேங்க்ல வேலை செய்யிற ஒரு ஆள் தேத்தண்ணி குடிக்கிறேல்ல எண்டா நான் நம்ப மாட்டன். காலமை எழும்பி ஒண்டு, ஒஃபிஸ்ல ரெண்டு, பின்னேரம் வந்து ஒண்டு, ராத்திரி பால்மா போட்டு ஒண்டு, ஒண்டுக்கு ரெண்டு தேக்கரண்டி சீனி எண்டா நாளைக்கு பத்துத் தேக்கரண்டி, நாப்பது கிராமுக்கு மேல. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள்ள, அதாவது ஆறு தேக்கரண்டி அளவுக்குள்ள நிண்டா நல்லதெண்டு சொல்லுது, அதுக்குள்ள பிஸ்கட்டில இருக்கிறது, ஜூஸ்ல இருக்கிறது எல்லாம் அடங்கும். திடீரெண்டு சீனியில்லாமக் குடிக்கச் சொன்னா மூண்டாம் நாள் விட்டிடுவீங்க, அதால ரெண்டை ஒண்டரையாக்கி, அடுத்த கிழமை ஒண்டாக்கி, அப்பிடி இறக்குங்க, நாக்குப் பழகிடும். சக்கரை கடிச்சுக் குடிக்கிறன், கித்துள் பாணி விடுறன், அது இயற்கைதானே எண்டு சொல்லாதீங்க, ரத்தத்துக்குப் போனா அதுவும் சீனிதான். உங்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, சாப்பிட்ட கையோட குடிக்கிற தேத்தண்ணி சாப்பாட்டில இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு எடுக்க விடாது. மத்தியானச் சாப்பாட்டுக்கும் பிளேன்டீக்கும் நடுவில ஒரு மணித்தியாலமாவது விடுங்க, இரும்புக் குளிசையையும் தேத்தண்ணியோட விழுங்காதீங்க.

கிரீம் கிராக்கர் டயட் சாப்பாடெண்டு ஆர் கண்டுபிடிச்சதோ தெரியாது, ஆஸ்பத்திரியில நோயாளிக்குக் குடுக்கிறதால அப்பிடி ஒரு பேர் வந்திட்டுது போல. அது கோதுமை மாவும் கொழுப்பும். ஆறு கிராக்கர் சாப்பிட்டா கிட்டத்தட்ட ரெண்டு துண்டு பாண்ல இருக்கிற மாச்சத்து, வயிறும் நிறையாது. குரக்கனும் அப்பிடித்தான், மாமியோட சண்டை பிடிக்க வேண்டாம், குரக்கன் நல்ல தானியம், நார்ச்சத்து இருக்கு, ஆனா மாச்சத்து அரிசியை விடக் கொஞ்சம்தான் குறைவு, நாலு குரக்கன் ரொட்டி சாப்பிட்டா நாலு ரொட்டிதான். சிவப்பரிசிக்கும் இதே கதை. மாத்திறது நல்லம், மாத்தினதுக்காக ஒரு அகப்பை கூடப் போட்டுக்கொண்டா பிரயோசனமில்ல.

மத்தியானம் ஒஃபிஸ்ல ஆள் போய் எல்லாருக்கும் சோத்துப் பார்சல் வாங்கி வாறதெண்டா அந்தப் பார்சலை ஒருக்கா வடிவாப் பாருங்க. லஞ்ச் ஷீட்டை விரிச்சா நடுவில ரெண்டு பேர் சாப்பிடுற அளவு சோறு, அதுக்கு மேல பருப்பு, பக்கத்தில உருளைக்கிழங்குக் கறி, ஒரு சின்ன மீன் துண்டு, ஓரத்தில ஒரு கரண்டி வல்லாரைச் சம்பல், மேல ஒரு பப்படம். சோறும் கிழங்கும் ரெண்டும் மாச்சத்து, மரக்கறிக்கும் மீனுக்கும்தான் கஞ்சத்தனம். அதால பார்சலைத் திறந்தவுடன, குழம்பு கலக்க முதல், பாதிச் சோத்தை எடுத்து வேற தட்டில வைங்க, கலந்த பிறகு பாதியில நிப்பாட்டுற ஆளை நான் இன்னும் காணேல்ல. பக்கத்து மேசை ஆளோட ஒரு பார்சலைப் பங்கு போட்டு, வீட்டில இருந்து ஒரு டப்பா வறையோ அவிச்ச முட்டையோ கடலையோ கொண்டு போனா இன்னும் நல்லம், காசும் மிச்சம். தட்டில பாதி மரக்கறி, கால்வாசி மீனோ முட்டையோ பருப்போ கடலையோ, கால்வாசி சோறு, இதுதான் அளவு. இடியப்பம், புட்டு, பாண் எல்லாம் அந்தச் சோத்துக் கால்வாசிக்குள்ள வரும். ராத்திரி இடியப்பமும் சொதியும் மட்டும் சாப்பிட்டுப் படுக்கிற வீடுகள் வெள்ளவத்தையில நிறைய, அதில புரதமெண்டு ஒண்டுமேயில்ல, ஒரு மீன் குழம்போ முட்டையோ கூட வேணும்.

பழம் சாப்பிடுங்க, கொய்யா, பப்பாளி, ஒரு சின்ன வாழைப்பழம், பயப்பிட ஒண்டுமில்ல, ஆனா ஜூஸா அடிச்சுக் குடிக்காதீங்க. போத்தல் பானம் வாங்கேக்க அதில ஒட்டியிருக்கிற கலரைப் பாருங்க, 2016ல இருந்து இங்க சட்டமிருக்கு, 100 மில்லிக்கு 11 கிராமுக்கு மேல சீனி இருந்தா சிவப்பு வட்டம். பிள்ளைகளுக்குக் குடுக்கிற பாலிலயும் மோல்ட் மாவோட மேலதிகமாச் சீனி போடாதீங்க, தாய்க்குச் சீனி இருந்த கர்ப்பத்தில பிறந்த பிள்ளைக்கும் பிறகு நிறை கூடுற, சீனி வாற ஆபத்துக் கொஞ்சம் கூட.

நடை. கிழமைக்கு 150 நிமிசம் எண்டு எல்லா இடத்திலயும் எழுதியிருக்கும், நீங்க ஆறரைக்கு வீட்ட வந்து சமைச்சு, பிள்ளைகளின்ட ஹோம்வேர்க் பாத்து, எங்க 150ஐத் தேடுறது. அதால சாப்பிட்ட பிறகு நடவுங்க. தசை வேலை செய்யேக்க இன்சுலின் பெரிசா உதவாமலே ரத்தத்தில இருக்கிற சீனியை உள்ள இழுக்கும், சுகர் ஏறுற நேரமும் சாப்பிட்டு ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்டத்தான், அந்த நேரம் பத்து, பதினஞ்சு நிமிசம் நடந்தாலே வித்தியாசம் தெரியும். ராத்திரிச் சாப்பாடு முடிஞ்சு கோப்பை கழுவுறதை அவரிட்ட விட்டுட்டு மரைன் டிரைவ்ல ஒரு துண்டு போயிட்டு வாங்க, கடல் காத்தும் இருக்கும், அந்த நேரம் அங்க பாதி வெள்ளவத்தை நடந்துகொண்டிருக்கும், தனியாப் போற பயமும் இல்ல. மழை எண்டா ஃப்ளட் கொரிடோர். வேலைக்குப் போகேக்க காலி வீதியில ஒரு ஹோல்ட் முன்னமே இறங்குங்க. நாலு மாடிப் படி இப்ப வேண்டாம், ரத்தம் குறைவா இருக்கேக்க மூச்சு வாங்கும், ஹீமோகுளோபின் ஏறின பிறகு லிஃப்டை மறந்திடுங்க. கிழமைக்கு ரெண்டு நாள் கதிரையில இருந்து கை பிடிக்காம எழும்பி இருக்கிறது, சுவரில கை ஊண்டித் தள்ளுறது மாதிரித் தசைக்கு ஏதாவது செய்யுங்க. ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் ஃபோன் பாத்துட்டு அஞ்சு மணிக்கு எழும்புற ஆளெண்டா அதையும் திருத்துங்க, நித்திரை குறைஞ்சாலும் இன்சுலின் எடுபடாது.

இதுகளால உண்மையில திரும்புமோ எண்டா, அமெரிக்காவில 3234 பேரை வச்சுச் செய்த டயபிட்டீஸ் பிரிவென்ஷன் புரோகிராமின்ட முடிவு 2002ல வந்தது. நிறையில 7 வீதம் குறைக்கிறது, கிழமைக்கு 150 நிமிச நடை எண்டு இலக்கு வச்ச ஆக்களுக்கு டயபிட்டீஸ் வாறது 58 வீதம் குறைஞ்சுது, மெட்ஃபோர்மின் எடுத்தவைக்கு 31 வீதம். பிறகு அதே ஆக்களைத் தொடர்ந்து பாத்ததில, ஒருக்காவாவது சுகர் நோர்மலுக்குத் திரும்பின ஆக்களுக்குப் பிற்காலத்தில டயபிட்டீஸ் வாற ஆபத்து 56 வீதம் குறைவா இருந்தது. உங்கட 66 கிலோவில 7 வீதம் எண்டா நாலரைக் கிலோ அளவு, ஆறு மாசத்தில மெதுவா இறக்கலாம். நிறை இறங்காட்டி மனம் விட வேண்டாம், சென்னையில 531 பேரை வச்சுச் செய்த இந்திய ஆய்வொண்டு 2006ல வந்தது, அதில நிறை பெரிசாக் குறையவேயில்ல, எண்டாலும் மூண்டு வருசத்தில சும்மா விட்ட ஆக்கள்ல 55 வீதத்துக்கு டயபிட்டீஸ் வந்த இடத்தில, சாப்பாடும் நடையும் மாத்தினவைக்கு 39 வீதம்தான். எங்கட உடம்புக்குக் கிட்டின கணக்கு இதுதான், மற்றது, சும்மா விட்டா எவ்வளவு வேகமாப் போகுதெண்டும் இதில பாருங்க. ‘போடர்தானே’ எண்டு சொல்லுற ஆக்களுக்கு இந்த 55ஐச் சொல்லுங்க.

மெட்ஃபோர்மின் கேட்டிருந்தீங்க. அம்மாட குளிசையைத் தொட வேண்டாம், ஆனா கேள்வி மோசமான கேள்வியில்ல. அந்த அமெரிக்க ஆய்விலயே முந்திக் கர்ப்பத்தில சீனி வந்த பொம்பிளைகளைத் தனியாப் பிரிச்சுப் பாத்தவை, அவைக்கு மெட்ஃபோர்மினும் வாழ்க்கைமுறை மாத்தமும் ரெண்டுமே டயபிட்டீஸை ஏறக்குறையப் பாதியாக் குறைச்சுது, அப்பிடி வராத தாய்மாருக்கு மெட்ஃபோர்மின் 14 வீதம்தான் குறைச்சுது. அதால ஓஜிடிடி ரிசல்ட்டோட போய் உங்கட டொக்டரிட்ட நேராவே கேளுங்க, கிட்னி டெஸ்ட் பாத்து, அளவு பாத்து அவர் தரலாம், கன காலம் எடுத்தா வைட்டமின் பி12 குறையலாம் எண்டதால அதையும் இடைக்கிடை பாக்க வேணும். என்ட அபிப்பிராயம், முதல் ஆறு மாசம் சாப்பாடும் நடையும், அதுக்குப் பிறகும் நம்பர் ஏறினாத்தான் குளிசை.

கோவக்கா இலையை வறையாச் சாப்பிடுங்க, நல்ல கீரை, சீனி குறையிறதுக்கு இங்கயே சின்ன ஆய்வுகள் செய்து பாத்திருக்கினம், ஆனா அதை நம்பி டெஸ்டை விட்டிடாதீங்க. கோத்தல ஹிம்புட்டு மாச்சத்துச் சமிக்கிறதைக் கொஞ்சம் பிந்தப் பண்ணும், அதில பொய்யில்ல, அதுக்காக அந்த மரக்கோப்பையில தண்ணி ஊத்திக் குடிச்சுப்போட்டு மூண்டு அகப்பை சோறு போட்டுக்கொள்ள ஏலாது. இன்னொரு பிள்ளைக்கு யோசிக்கிறீங்க எண்டா மூலிகை ஒண்டும் வேண்டாம், முதல்ல டொக்டரிட்டச் சொல்லுங்க. பாவக்காயைக் கறியாவோ சம்பலாவோ செய்து சாப்பிடுங்க, ஜூஸாக் குடிச்சு வயித்தைக் கெடுக்காதீங்க.

இரும்புக் குளிசை துவங்கி மூண்டு மாசத்துக்குப் பிறகு, ஹீமோகுளோபின் சரிவந்தபிறகு, ஏவன்சியைத் திரும்பச் செய்யுங்க, இப்ப உடன செய்து காசைக் கரியாக்காதீங்க. நோர்மல் எண்டு வந்தாலும் வருசத்துக்கு ஒருக்கா. நடுவில கடும் தண்ணித் தாகம், ராத்திரி அடிக்கடி சலத்துக்கு எழும்புறது, காரணமில்லாம மெலியிறது எண்டு வந்தா மூண்டு மாசம் பாத்துக்கொண்டிருக்காம உடன போங்க.

மற்றது, சிரிக்கிற மனுசனுக்கு வயசு 35க்கு மேல இருக்கும்தானே. அரசாங்க ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டர்கள்ல 35 தாண்டின ஆக்களுக்கு சுகர், பிரஷர், நிறை, இடுப்பு எல்லாம் காசில்லாமப் பாப்பினம், உங்கட பகுதி எம்.ஓ.ஹெச் (சுகாதார வைத்திய அதிகாரி) ஒஃபிஸ்ல கேட்டா எங்க, எந்த நாள் எண்டு சொல்லுவினம். அவரையும் ஒருநாள் கூட்டிக்கொண்டு போங்க, போற அண்டைக்குக் காலமை தேத்தண்ணி குடிக்காமப் போக வேணுமெண்டு முதல் நாளே சொல்லி வைங்க.